மாமனார்களை எண்ணிய வருஷம்

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் முழுக்க நான் மாட்டுங்காவில் கண்ணில் பட்ட கல்யாணமான பெண்களிடமெல்லாம் இரண்டே இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டு அலைந்தேன். உங்கள் நட்சத்திரம் மூலமா? உங்கள் மாமனார் இருக்கிறாரா? பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் அம்மாவிடம் வந்து புகார் சொன்னார்கள். ஒரு மாமி மட்டும், "ஏன், இருந்தா நீ அழைச்சுண்டு போய் வெச்சுக்கப் போறியா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வெட்கம் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

எல்லாம் என் அக்காவுக்காக. அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் ஸ்டெனோ. காலையில் ஸ்டார்ச் போட்ட காட்டன் புடவையும் கையில் குடையுமாக அவள் மாடிப்படி இறங்கும்போது எங்கள் பில்டிங்கில் பலர் அதை வைத்தே கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கும்போது அவள் வலது கை சும்மா இருக்காது. மடிமேல் விரலால் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டே கேட்பாள். அழகி என்றால் அழகிதான். நான் பக்கத்தில் நின்றால் இன்னும் அழகி. இத்தனை இருந்தும் அவளுக்கு வரன் அமையவில்லை, ஏனென்றால் அவள் மூல நட்சத்திரத்தில் பிறந்திருந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களவர்கள் கணக்கில் சில நட்சத்திரங்கள் புக்ககத்தில் ஆளுக்கொருவரைக் குறிவைத்துப் போகிற நட்சத்திரங்கள். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது. கேட்டை, கணவனின் அண்ணனுக்கு ஆகாது. மூலம் மாமனாருக்கு ஆகாது. மூலத்துப் பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தால் மூன்று வருஷத்துக்குள் மாமனார் வெளியே போய்விடுவார், அதுவும் நாலு பேர் தூக்கிக்கொண்டு. இதை மெட்ரிக் பாஸ் செய்தவர்கள், பி.ஏ. படித்தவர்கள், தினமும் இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கம் படிக்கிறவர்கள் எல்லோரும் நம்பினார்கள். தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார். "பொண்ணு தங்கம். தகப்பனார் இல்லாத இடமாப் பார்த்தா பேஷா முடிச்சுடலாம்." அம்மாவும் கடைசியில் அப்படியே பார்க்க ஆரம்பித்தாள். யாராவது ஒரு வரனைச் சொன்னால் போதும். பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், "அப்பா இருக்காரா?" என்பாள். இருக்கிறார் என்றால் அவள் முகம் வாடிவிடும். இதைவிடக் கேவலமான வேண்டுதலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் செம்பூர்ப் பையன் வந்து சேர்ந்தார். அக்காவின் ஆபீஸ் இருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் வேலை. சாயங்காலம் இரண்டு பேருக்கும் ஒரே லோக்கல் ரெயில். அவள் லேடீஸ் கம்பார்ட்மென்ட், அவர் ஜெனரல். அவள் மாட்டுங்காவில் இறங்குவாள், அவர் குர்லாவில் வண்டி மாறி செம்பூர் போவார். பேசிக்கொண்டது அத்தனையும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் பேசியதுதான். அப்படியும் எப்படியோ விஷயம் முற்றிவிட்டது. அவர் தம் வீட்டில் நேராகவே கேட்டார். ரெயில்வேயில் இருந்து ரிடயரான அவருடைய அப்பா, விடியற்காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கப் போகிற மனிதர், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மாதான் அக்காவின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். "எனக்கு எங்காத்துக்காரர் வேணும்" என்று சொன்னாளாம். அதற்கு மேல் யாரால் என்ன பேச முடியும்?

அம்மாவை மீறி ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்கிற ஜாதி இல்லை அவர். அப்படி வந்தால் வேண்டாம் என்கிற ஜாதி என் அக்கா. செய்தி வந்த அன்றைக்கு அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லை" என்றாள். மறுபடியும் மடித்தாள். மடித்த புடவையையே பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் "பரவாயில்லை"யை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் அப்போது சயானில் ஒரு காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். புள்ளியியல் எனக்கு ஒரு பாடம். பிடித்து எடுத்த பாடம் இல்லை, வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் இருவழி அட்டவணை நடத்தினார்கள். போர்டில் ஒரு சதுரம் போட்டு, நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு இழுத்து, நாலு கட்டம். மேலே, பரீட்சையில் தேறியவர், தேறாதவர். பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டவர், போடாதவர். ஒவ்வொரு ஆளும் ஏதாவது ஒரு கட்டத்தில்தான் விழ முடியும். வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் கூட்டுத்தொகை. ஓரத்தை மட்டும் பார்த்தால் எத்தனை பேர் கண்ணாடி போட்டவர், எத்தனை பேர் தேறியவர் என்று தெரியும். கண்ணாடிக்கும் தேறியதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய வேண்டுமானால் உள்ளே கட்டத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நாலு கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

வகுப்பில் நான் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண்ணாடி தெரியவில்லை, மாமனார்கள்தான் தெரிந்தார்கள். மாட்டுங்கா மொத்தமும் ஒரே ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு பேசுகிறது என்று தோன்றியது. மருமகள் மூலம், மாமனார் போய்விட்டார். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். மூலம், மாமனார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்கிற கட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூலம் இல்லை, ஆனாலும் போய்விட்டார் என்கிற கட்டம் ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. மற்ற மூன்று கட்டத்தையும் நான் நிரப்பிக் காட்டுகிறேன், அப்புறம் செம்பூர் மாமி என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

விசாரணைக்கு இடமா இல்லை? ரேஷன் கடை வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் யாரும் நகர முடியாது, பதில் சொல்லித்தான் தீர வேண்டும். காபிக்கொட்டை அரைக்கிற கடையில் மிஷின் சத்தத்தில் நட்சத்திரத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கோயில் வாசலில் பூ வாங்குகிறவர்கள் நல்ல மனநிலையில் இருப்பார்கள். எல்லாவற்றிலும் உத்தமம் சாயங்கால லோக்கலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட். பீன்ஸ் நறுக்கிக்கொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வருகிற பெண்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தால் போதும். நானும் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொடுத்துவிட்டு மாமனாரைப் பற்றிக் கேட்பேன். புதுசாகக் கல்யாணமானவர்களை விட்டுவிட்டேன், அவர்கள் புக்ககத்தில் இன்னும் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டாணி வாசனையும், ஜன்னல் வழியாக வருகிற மில் புகையும், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்து மாமியின் தோள் வந்து இடிப்பதும் எனக்கு இப்போதும் உடம்பில் இருக்கிறது. இன்றைக்கு நெருளில் பிள்ளை வீட்டில் ஏ.சி. போட்ட அறையில் உட்கார்ந்து இதை எழுதும்போது, ஒரே ஒரு தடவை அந்த நெரிசலில் போய் நசுங்கிவிட்டு வந்தால் தேவலை என்று இருக்கிறது.

எனக்குத் துணை வந்தவள் என் வகுப்புத் தோழி. தாராவியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா அங்கே ஒரு தோல் பட்டறையில் வேலை. கணக்கில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. நான் அட்டவணையைக் காட்டியதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி, எங்க வீட்டுல நட்சத்திரமெல்லாம் கெடையாதுல்லா. எங்க அம்மைய எந்தக் கட்டத்துல போடுவ?"

தாராவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டும் போனாள். குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "எங்க தாய்மாமன்தான் எனக்கு மாமனாரு. நான் பொறந்தன்னைக்கு நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சதே அவருதான். இனி நட்சத்திரம் பாத்து என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பக்கம் என் கேள்வி செல்லுபடியாகாது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்காவுக்கே திரும்பினேன்.

ஐம்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வந்து கடைசியில் எண்ணாக்கினேன். மூலத்துப் பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மாமனார் இல்லை. மற்றவர்கள் நாற்பத்தெட்டு பேர், அதில் பாதிப் பேருக்கு மாமனார் இல்லை, பாதிப் பேருக்கு இருக்கிறார். நான் மேலிருந்து கீழே பார்த்தேன். மாமனார் இல்லாதவர்கள் மொத்தம் இருபத்தொன்பது, அதில் மூலம் வெறும் ஐந்து! போன மாமனார்களில் பெரும்பாலானவர்கள் மூலத்தால் போகவில்லையே! எனக்குத் தலைகால் புரியவில்லை. காலேஜ் கான்டீனில் தோழிக்கு வாங்கிக்கொடுத்த சமோசாவை நானே பாதி தின்றுவிட்டு அட்டவணையை நீட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீ பாக்குத திசை தப்பு" என்றாள். "மூலக்காரங்களே மொத்தம் அஞ்சு பேருதான. அஞ்சுக்கு மேல எப்படி வரும்? நீ குறுக்க பாரு. மூலத்துல அஞ்சுக்கு அஞ்சும் போயாச்சு. மத்தவங்கள்ல பாதிதான் போயிருக்கு. இத அந்த மாமிகிட்ட கொண்டு போய்க் காட்டுன, அவ்வளவுதான்."

குறுக்கே பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நூற்றுக்கு நூறு. ஊரார் சொல்வது பொய் என்று காட்டக் கிளம்பி, அது உண்மை என்று நானே நிரூபித்துக்கொண்டு வந்திருந்தேன். வாழ்க்கையில் அதற்கப்புறம் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன். இத்தனை உழைத்து, இத்தனை பேர் வாயில் விழுந்து, சொந்தச் செலவில் தோற்றது அந்த ஒரு தடவைதான். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அக்கா ஆபீசிலிருந்து வந்து கண்ணாடி முன்னால் நின்று கொண்டை ஊசிகளை எடுத்து வாயில் கடித்துக்கொண்டே, "என்ன ஆச்சு உன் மாமனார் கணக்கு?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். லோக்கலில் வருகிறவர்கள் சொல்லாமல் இருப்பார்களா? நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னேன். ஐந்து மூலம், ஐந்து பேருக்கும் மாமனார் இல்லை.

அவள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "அம்மா எனக்கு எப்படிப்பட்ட வரன் தேடிண்டிருக்கா?" என்று கேட்டாள்.

"அப்பா இல்லாத பிள்ளையா" என்றேன்.

"அந்த அஞ்சு பேரோட அம்மாவும் வேற எப்படித் தேடியிருப்பா?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இது என் மண்டையில் ஏறாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வீட்டில் தினமும் நடப்பது, காதில் தினமும் விழுவது. மூலத்துப் பெண்களை மாமனார் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பார்த்தாயா, மூலத்துப் பெண்களுக்கு மாமனாரே தங்குவதில்லை என்று சொல்வது! அட்டவணைக்கு எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. அதைக் கேட்க வேண்டியவள் நான்தான். நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து மறுபடியும் படி ஏற ஆரம்பித்தேன். இந்தத் தடவை கேள்வி வேறு. உங்கள் கல்யாணத்தின்போது மாமனார் இருந்தாரா? இருந்தார் என்றால், மூன்று வருஷத்துக்குள் போனாரா? மூலத்து ஐந்து பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மாமனாரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்கள். மாலை போட்ட போட்டோவுக்கு நமஸ்காரம் செய்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஐந்து பேரையும் கணக்கிலிருந்து அடித்தேன். மற்றவர்களிலும் அப்படி எட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களையும் அடித்தேன். மிச்சம் நாற்பது பேர். அந்த நாற்பதில் ஆறு பேருக்கு மாமனார் மூன்று வருஷத்துக்குள் போயிருந்தார். முப்பத்து நாலு பேருக்குப் போகவில்லை.

மூலத்து வரிசையில் இரண்டு கட்டமும் காலி. போனவர் பூஜ்யம், இருப்பவர் பூஜ்யம். மாமனார் உயிரோடு இருக்கிற வீட்டுக்குள் ஒரு மூலத்துப் பெண்ணைக்கூட எங்கள் மாட்டுங்கா விட்டதில்லை. பின்னே எதைப் பார்த்து பயந்தார்கள்? அக்காவிடம் காட்டினேன். அவள் அந்தக் காலிக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தாள். "யாருமே பரீட்சை பண்ணிப் பார்க்கலை, இல்லையா?" என்றாள். அப்புறம் முகம் கழுவப் போய்விட்டாள்.

நவராத்திரி வந்தது. நவராத்திரியில் கொலு பார்க்க வருகிற பெண்ணை எந்த வீட்டிலும் வாசலில் நிறுத்த முடியாது, வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தத் தைரியத்தில் யாரிடமும் சொல்லாமல் நான் குர்லாவில் வண்டி மாறி செம்பூருக்குப் போனேன். கீழ்த்தளத்து வீடு, வாசலில் நந்தியாவட்டை. ஹாலில் அந்த அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவருடைய ஆயுளுக்காகத்தானே நான் ஒரு வருஷமாக நாய் மாதிரி அலைகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாமி பாடச் சொன்னாள். பாடினேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் மாமி உள்ளே போய் சுண்டல் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே சமையலறைக்குள் போய், யார் என்று சொன்னேன்.

அவள் கை நின்றது. கோபம் இல்லை. "உங்க அக்கா மேல எனக்கு ஒரு குறையும் இல்லைடி கொழந்தே" என்றாள். "ஜாதகம் சரியில்லை. அவ்வளவுதான்."

நான் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து அவள் முன்னால் மேடையில் வைத்தேன். வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பழகிக்கொண்டு போயிருந்தேன். அத்தனையும் மறந்துவிட்டது. கட்டங்களைத் தொட்டுக் காட்டி, இது இவர்கள், இது அவர்கள் என்று மட்டும் சொன்னேன். மூலத்து வரிசை காலியாக இருப்பதைத்தான் அவள் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் விரல் கீழ் வரிசைக்குப் போய் அந்த ஆறின்மேல் நின்றது.

"இவா யாரு?"

"மூணு வருஷத்துக்குள்ள மாமனார் போனவா, மாமி."

"இவாளுக்கெல்லாம் மூலம் இல்லையா?"

"இல்லை மாமி. ஒருத்தருக்கு ரோகிணி. ஒருத்தருக்கு அஸ்தம். அந்தக் கோடி வீட்டு மாமிக்குத் திருவோணம்."

"திருவோணமா? பெருமாள் நட்சத்திரம்டி அது."

"ஆமாம் மாமி. கல்யாணமாகி நாலே மாசம்."

அவள் விரலை எடுக்கவில்லை. "அவளை யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லுவா? வயசாயிடுத்து, சக்கரை வியாதி வேற, போயிட்டார்னு சொன்னா."

ஹாலில் பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்டது. மாமி சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன்.

"எனக்கு மூலம்டி" என்றாள்.

முதலில் எனக்குக் காதில் ஏறவில்லை.

"மூலம் நாலாம் பாதம். அடுத்தது பூராடந்தானே. எங்கப்பா பூராடம்னே ஜாதகம் எழுதிக் கொடுத்துட்டார். எங்கப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த எட்டாம் மாசம் எங்க மாமனார் குளிச்சுட்டு வந்து ஊஞ்சல்ல உட்கார்ந்தார். அப்படியே சாஞ்சுட்டார். நான்தான் காபி எடுத்துண்டு போனேன்." அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மாமியார் அதுக்கப்பறம் பதினஞ்சு வருஷம் இருந்தா. என் கையால போட்டாத்தான் சாப்பிடுவா. நீ வந்தப்பறந்தான் இந்த ஆத்துல விளக்கு எரியறதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா. ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாமான்னு இருக்கும். இவரோட அப்பாவை நான்தான் கொன்னேன்னு நெனச்சுண்டே இவரோட குடித்தனம் பண்ணிண்டிருக்கேன். இப்போ இவருக்கும் அப்படி ஒண்ணு வரணுமா? உங்க அக்காவும் என்னை மாதிரி காலம் பூரா நெனச்சுண்டிருக்கணுமா?"

நான் அழுதுவிட்டேன். அட்டவணையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனவள், சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவளுக்காக அழுதேன். ஐம்பத்து மூன்று பேரை விசாரித்திருக்கிறேன். ஒருத்தியிடமும் பயமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

"என்னை எங்கே போடுவே?" என்றாள்.

நான் பென்சிலை எடுத்தேன். மூலத்து வரிசையில், மாமனார் போன கட்டத்தில் போட வேண்டும். அதைப் போட்டால் என் கட்சி போச்சு. காலியாக இருந்த வரிசையில் விழப்போகிற முதல் கோடே எங்களுக்கு எதிர்க்கோடு. ஒன்றுக்கு ஒன்று. மறுபடியும் நூற்றுக்கு நூறு.

அவள் என் கையிலிருந்த பென்சிலைத் தானே வாங்கினாள். சரியான கட்டத்தை அவளே பார்த்துக் கண்டுபிடித்து ஒரு கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. அப்புறம் கீழே இருந்த ஆறையும் தான் போட்ட கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏழு பேர்" என்றாள். "அந்தத் திருவோணத்துக்காரியோட நானும் ஒருத்தி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மிச்சச் சுண்டலைப் பொட்டலம் கட்டினாள். எனக்கு மட்டும் இரண்டு பொட்டலம். "இதை உங்க அக்காகிட்ட சொல்லப்படாது" என்றாள். "விஜயதசமி அன்னிக்கு உங்கப்பா அம்மாவை வரச் சொல்லு. நாள் நன்னாயிருக்கு."

கல்யாணம் தை மாசத்தில் மாட்டுங்காவிலேயே நடந்தது. லோக்கல் மாமிகள் ஒருத்தர் விடாமல் வந்து, மாமனாரைத்தான் முதலில் தேடிப் பார்த்தார்கள். அவர் பட்டு வேஷ்டியில் நின்றுகொண்டு எல்லோரையும் உற்சாகமாக வரவேற்றார். தம்மை எதற்காக இப்படி உற்றுப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. மாமியிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். மாமியும் மாமாவும் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கல்யாணமான அந்த முதல் மழைக்காலத்திலேயே அக்காவின் மாமனாருக்கு ஜுரம் கண்டது. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அக்கா வெளியே பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாளாம். வார்டுக்குள் போகக் கால் வரவில்லை. சாப்பிடவும் இல்லை, யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. உறவுக்காரர்கள் இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்று தன்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசியது அவள் காதில் விழுந்ததாம்.

மாமா பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு அக்கா மாட்டுங்காவுக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னாள். ஈரக் குடையை வாசல் காலரித் தாழ்வாரத்தில் விரித்து வைத்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாமியார் வார்டிலிருந்து வெளில வந்தா. எல்லாரும் இருக்கறச்சே எம் பக்கத்துல வந்து உட்கார்ந்துண்டா. எங் கையைப் பிடிச்சுண்டு, எல்லாருக்கும் கேக்கறா மாதிரி சத்தமா சொன்னா. 'அவருக்கு ஜுரம் கொசுவால வந்தது. நீ போய் ரெண்டு இட்லி சாப்டுட்டு வா'ன்னா."